கட்டியின் பெயர் போதவில்லை: கதிரோடு மருந்து சேர்ப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நான் வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். இது என் அக்காவின் மகனுடைய நிகழ்வு. அக்காவும் அத்தானும் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அவனை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே வைக்கவில்லை. வயது ஏழு, கட்டி சிறுமூளையில், இவ்வளவு தெரிந்தால் போதும்.

மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தால் நோயில் தொடங்கி நோயிலேயே முடித்திருப்பார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது நடுவில் வந்த ஒரு கேள்வி. கதிர்ச் சிகிச்சை நடக்கும் நாட்களிலேயே, ஒவ்வொரு நாளும், இன்னொரு மருந்தையும் சேர்த்து ஏற்றினால் என்ன? மருந்து எங்களுக்கு எட்டாத பொருள் இல்லை. எங்கள் கையில் இல்லாதது வேறொன்று.

முதல் ஆறு வாரம்

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் தொடங்கியது. காலையில் எழும்போதே தலையிடி, ஒரு தடவை வாந்தி, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் பள்ளிக்கூடம் போய்விடுவான். பள்ளிக்கூடம் பிடிக்காமல் செய்கிறான் என்று அத்தான் நினைத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிஸ்பென்சரியில் கஸ்ட்ரிக் என்றார்கள். அதற்கு முன்னால் பூச்சி மருந்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான், ஆகவே யாரையும் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.

காலை வாந்திக்குக் காரணம் வயிறு இல்லை. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிறுமூளையில் வளரும் கட்டி மூளையைச் சுற்றி ஓடும் நீரின் பாதையை அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். எழுந்து நின்று, வாந்தி எடுத்து, கொஞ்ச நேரம் போனால் தலை லேசாகும். பிள்ளைக்குக் காலையில் மட்டும் திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றோட்டம் இல்லை, காய்ச்சல் இல்லை என்று யாராவது என் கடைக்கு வந்தால் இப்போது நான் மருந்து கொடுப்பதில்லை. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

அவன் கரும்பலகைக்குப் போகும்போது மேசைகளைப் பிடித்துப் பிடித்துப் போகிறான் என்று கண்டுபிடித்தது வகுப்பு ஆசிரியை. அன்று மாலையே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மறுநாள் எம்.ஆர்.ஐ. சிறுமூளையின் நடுவில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி. முள்ளந்தண்டுப் படத்தில், முதுகின் கீழ்ப்பகுதியில், சீனி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தன.

சத்திரசிகிச்சையில் கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வரை பேசியவன் மூன்றாம் நாள் பேச்சை நிறுத்தினான். கண் பார்க்கிறது, கை பிடிக்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. இந்த இடத்தில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னது காதில் விழுந்திருந்தது, மனதில் விழவில்லை. அக்கா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனார், வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் போனார். பதினாறாம் நாள் அவன் சொன்ன முதல் சொல் "தண்ணி".

திசு அறிக்கையில் மெடுலோபிளாஸ்டோமா என்று இருந்தது. பிள்ளைகளுக்கு வரும் மூளைக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது. முள்ளந்தண்டுக்குப் பரவியிருந்ததால் உயர் ஆபத்து வகை.

வழக்கமான வழி

திட்டம் தெளிவாக இருந்தது. மூளை முழுவதற்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் 36 கிரே (கதிரை அளக்கும் அலகு), கட்டி இருந்த இடத்துக்கு மேலதிகமாக 19.8 கிரே. ஒரு நாளைக்கு 1.8 கிரே, ஆக 31 நாட்கள். சனி ஞாயிறு விடுமுறை. வாரத்துக்கு ஒரு ஊசி வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அது முடிந்து இடைவெளி விட்டு, பல மாதங்களுக்குக் கீமோ: சிஸ்பிளாட்டின், சைக்ளோபொஸ்பமைட், வின்கிறிஸ்டின்.

எங்கள் ஆட்கள் இதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் கிருலப்பனை, அங்கிருந்து 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் மருத்துவமனை. முகத்தின் அச்சில் வார்த்த வலை முகமூடியை மேசையில் பூட்டி, அசையாமல் படுக்க வேண்டும். அவன் முதல் நாள் அழுதான், நான்காம் நாள் அதற்குச் சிலந்தி மனிதன் முகமூடி என்று பெயர் வைத்தான். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெதசோன் மாத்திரையால் வந்த பசி வேறு. இரவு பதினொரு மணிக்குக் கொத்து ரொட்டி கேட்பான். காலி வீதியில் அந்த நேரத்தில் கொத்து கிடைப்பது ஒரு வசதிதான்.

வின்கிறிஸ்டின் மூன்றாவது ஊசியோடு தாடை நோவு, மலச்சிக்கல், பாதம் தொங்கல். இவை எதிர்பார்த்தவை.

கேள்வி வந்த இடம்

முகமூடி வார்த்த அன்று மாலை நான் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வட அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஒன்கொலஜி குறூப் என்ற சிறுவர் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு நடத்திய ஏ.சி.என்.எஸ். 0332 என்ற சோதனை. 2007 முதல் 2018 வரை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. மூன்று வயதிலிருந்து 21 வயது வரை, உயர் ஆபத்து மெடுலோபிளாஸ்டோமா. எங்கள் பிள்ளையைப் பார்த்து எழுதியது போல இருந்தது. எல்லோருக்கும் 36 கிரே, எல்லோருக்கும் வாராந்த வின்கிறிஸ்டின். பாதிப் பேருக்குக் கதிர் நாட்களில் கார்போபிளாட்டினும்.

கார்போபிளாட்டின் அமெரிக்காவில் 1989இல் அனுமதி பெற்ற பழைய மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் சிறுவர் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஜெனரிக் வந்து பல வருடம். எனக்கு ஒரே யோசனை: அப்படியானால் ஏன் கொடுக்கவில்லை?

சேர்த்துக் கொடுப்பதன் தர்க்கமும் எளிது. கதிர் உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. கட்டியின் உயிரணு அந்த உடைசலைத் திருத்தப் பார்க்கும். கார்போபிளாட்டினில் உள்ள பிளாட்டினம் அதே டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு இழைகளைப் பிணைத்து, திருத்தும் வேலையைக் கெடுக்கிறது. ஒருவர் கதவை உடைக்க, இன்னொருவர் தச்சனை உள்ளே விடாமல் நிற்பது மாதிரி. காகிதத்தில் இது அழகாக இருக்கும். காகிதத்தில் அழகாக இருந்த எத்தனையோ விஷயம் வார்டில் தோற்றிருக்கிறது என்பதால்தான் சோதனை என்று ஒன்று வைக்கிறார்கள்.

அக்காவுக்கு அதை விளக்கியபோது, யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று கணினி சீட்டுக் குலுக்கும் என்ற இடத்தில் நிறுத்தினார். "என்ர பிள்ளைக்குச் சீட்டுக் குலுக்கியா வைத்தியம்?"

நியாயமான கோபம். ஆனால் வைத்தியரே தெரிவு செய்தால் என்ன நடக்கும்? பலமான பிள்ளைக்கு மருந்தைச் சேர்ப்பார், சோர்ந்த பிள்ளைக்கு வேண்டாம் என்பார். கடைசியில் மருந்து வாங்கியவர்கள் நன்றாக இருப்பார்கள், அது மருந்தினாலா பலத்தினாலா என்று யாருக்கும் தெரியாது. குலுக்கல் அந்தக் குழப்பத்தை எடுத்துவிடுகிறது. மருந்து உதவுமா உபத்திரவமா என்பது உண்மையிலேயே தெரியாத வரைக்கும்தான் குலுக்கலாம். தெரிந்துவிட்டால் குலுக்குவது பாவம். இதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு பிளேன்ரீ தேவைப்பட்டது. அக்கா முழுக்க ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சோதனை சொன்னதும் சொல்லாததும்

மொத்தக் கணக்கில் ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமலும் வேறு கெடுதல் நேராமலும் இருந்தவர்கள், கார்போபிளாட்டின் பக்கம் 66.4 சதவீதம், மற்றப் பக்கம் 59.2 சதவீதம். வித்தியாசம் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை ஒதுக்கும் அளவுக்கு இல்லை. இதோடு கட்டுரையை மூடியிருந்தால் கார்போபிளாட்டினின் கதை முடிந்திருக்கும்.

சோதனை தொடங்கிய 2007இல் மெடுலோபிளாஸ்டோமா ஒரே நோய் என்றுதான் கையாண்டார்கள். 2010இல் பொஸ்டனில் கூடிய ஆய்வாளர்கள் இது நான்கு நோய்கள் என்று உடன்பட்டார்கள்: டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச். (இரண்டும் உயிரணுவுக்குள் ஓடும் சமிக்ஞைப் பாதைகளின் பெயர்கள்), குழு 3, குழு 4. அந்த உடன்பாடு அச்சில் வந்தது 2012இல். அதாவது சோதனை பாதி வழி போன பிறகு, சோதிக்கப்படும் நோயே நான்காகப் பிரிந்துவிட்டது. நல்ல வேளையாகக் கட்டித் துண்டுகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துக் குழு பிரித்துப் பார்த்தபோது, குழு 3இல் மட்டும் கார்போபிளாட்டின் வாங்கியவர்கள் 73.2 சதவீதம், வாங்காதவர்கள் 53.7 சதவீதம். மற்றக் குழுக்களில் அப்படிப் பலன் தெரியவில்லை.

ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசம். குழு 3 பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் தப்புகிறார் என்று வையுங்கள். புற்றுநோய் உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், துணைக்குழுவில் கிடைத்த விடை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை, அதற்குள் இது மயிரிழையில்தான் வந்தது.

என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு பக்கம். 294 பேர் சேர்ந்த அந்தச் சோதனையில், படங்களையும் திசுக்களையும் மையமாக ஒரு குழு மறுபடி பார்த்த பிறகு கணக்கில் நின்றவர்கள் 261 பேர். அதே சோதனையில் சிறுமூளைக்கு வெளியே வரும், பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் கட்டிகளுக்கு ஒரு தனிப் பிரிவு இருந்தது. மூளையின் நடுவில் இருக்கும் பினியல் சுரப்பியின் கட்டிகள் தவிர்த்து, மூலக்கூறு மட்டத்தில் பரிசோதிக்க முடிந்த 31 கட்டிகளில் 22 அந்தச் சோதனைக்கே உரியவை இல்லை என்று பின்னால் தெரிந்தது. பெரும்பாலானவை வேகமாக வளரும் கிளையோமா என்ற முற்றிலும் வேறு நோய். அந்த நாடுகளின் மருத்துவமனைகளில், நுணுக்குக்காட்டி நிபுணர்கள் பார்த்துப் பெயர் வைத்தவை அவை. தப்பு அவர்களிடம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

   

பெரியவர்களின் மருந்து

வார்டில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் மூளைத்தண்டுக் கட்டி வந்த ஒரு பிள்ளை. அதன் தகப்பனார் ஹட்டனிலிருந்து வந்தவர். டெமோசோலமைட் என்ற மாத்திரை வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். யாரோ உறவினர் வெளிநாட்டிலிருந்து சொல்லியிருக்கிறார்.

அந்த உறவினர் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2005இல் வெளியான ஒரு சோதனையில், கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி வந்த 573 பெரியவர்களில், கதிரோடு டெமோசோலமைட் எடுத்தவர்களின் நடுக்கோட்டு ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 14.6 மாதம், கதிர் மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம். இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக ஏறினார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பெரியவர்களுக்கு அதுவே வழக்கம். பெரியவர்களுக்கு வேலை செய்தால் பிள்ளைகளுக்கும் வேலை செய்யாதா என்று அதே கூட்டு மருந்தை மூளைத்தண்டுக் கட்டி வந்த 63 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வந்தது. ஒரு வருடம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 14 சதவீதம். அதற்கு முந்திய சோதனை ஒன்றில் அந்த எண் 21.9. பலன் இல்லை.

ஏன் என்பது 2012இல் கொஞ்சம் விளங்கியது. மூளைத்தண்டுக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் ஹிஸ்டோன் 3 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறது. பெரியவர்களின் கிளையோபிளாஸ்டோமாவில் அது வழக்கமாக இல்லை. இரண்டுக்கும் கிளையோமா என்று பெயர் வைத்தது நுணுக்குக்காட்டி. மூளைத்தண்டில் ஊசி போட்டுத் துண்டெடுப்பது ஆபத்து என்று பல காலம் தவிர்த்து வந்ததால், பிள்ளைகளின் கட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே சோதனை மேல் சோதனை நடந்தது. எல்லாம் தோற்றன. அந்தத் தகப்பனாரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. வாங்க வேண்டாம் அண்ணை, அந்தக் காசைப் பிள்ளை கேட்பதற்கு வைத்திருங்கள் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வைத்தியரின் மேசையில்

கார்போபிளாட்டின் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போனேன். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஏளனமாக இல்லை. "சேர்க்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்காகச் சேர்க்கிறோம் என்று நீங்கள் சொல்லுங்கள். குழு என்ன?"

அறிக்கையில் மெடுலோபிளாஸ்டோமா, கிளாசிக் வகை என்று மட்டும் இருந்தது. அது நுணுக்குக்காட்டியில் தெரியும் தோற்றத்தின் பெயர், குழுவின் பெயர் இல்லை.

அப்புறம் விலையைச் சொன்னார், பணத்தை அல்ல. ஏழு வயதில் இரத்தம் ஊறும் மச்சையின் பெரும்பகுதி முள்ளந்தண்டிலும் மண்டையோட்டிலும் இடுப்பெலும்பிலும் இருக்கிறது. முள்ளந்தண்டு முழுக்கக் கதிர் படும்போது அந்த மச்சை ஏற்கெனவே அடி வாங்குகிறது. கார்போபிளாட்டினின் பெயர்பெற்ற கெட்ட குணம் இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டைக் குறைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் இரத்த அணுக்களின் எண்ணிக்கை விழும், இரத்தம் ஏற்ற வேண்டி வரும், காய்ச்சல் வந்தால் வார்டில் போட வேண்டும். அதைவிட மோசம், எண்ணிக்கை ஏறும்வரை கதிரை நிறுத்த வேண்டி வரலாம். மெடுலோபிளாஸ்டோமாவில் கதிர் இழுபடுவது கெடுதல் என்பது பழைய சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். உதவாத ஒரு மருந்துக்காக உதவும் ஒன்றைக் குழப்பிக்கொள்ளும் ஆபத்து.

இங்கே சோதனையாகச் செய்ய முடியாதா என்று கேட்டேன். ஒருவருக்குக் கொடுப்பது சோதனை ஆகாது என்றார். நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதிக்க வேண்டும், 2006 முதல் இருக்கும் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதெல்லாம் செய்யலாம். ஆனால் நான்கு நாடுகள் பதினொரு வருடம் சேர்த்தும் குழு 3 பற்றிய விடை மயிரிழையில்தான் வந்தது. எங்கள் தீவில் குழு 3 பிள்ளைகளை மட்டும் சேர்த்துக் குலுக்குவதென்றால் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார்.

ஆக, கேள்வி மருந்தை விட்டு மெழுகுக் கட்டைக்கு மாறியது. சத்திரசிகிச்சையில் எடுத்த துண்டை பாரபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கினோம். முதலில் சாயமேற்றிப் புரதம் பார்க்கும் பரிசோதனை. இரண்டாவது வாரம் விடை வந்தது: டபிள்யூ.என்.டி.யும் இல்லை, எஸ்.எச்.எச்.சும் இல்லை.

அதைப் படித்து நான் வெறுத்துப் போனேன். அந்தச் சாயங்களால் குழு 3ஐயும் குழு 4ஐயும் பிரிக்க முடியாது. நாங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு முன்னால் வந்து விடை நின்றுவிட்டது. மேலே போக டி.என்.ஏ. மெத்திலேஷன், அதாவது டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள், பார்க்க வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அத்தான் மோட்டார் சைக்கிளை விற்றார். வைத்தியர் தெளிவாகச் சொன்னார்: விடைக்காகக் கதிரை நிறுத்தி வைக்கப் போவதில்லை. இருபதாவது நாள் வந்தது, இருபத்தைந்தாவது வந்தது. ஒவ்வொரு நாளும் அவனை மேசையில் பூட்டும்போது எனக்குள் ஒரு எண்ணிக்கை ஓடியது. குழு 3ஆக இருந்தால் இன்றோடு இத்தனை நாள் மருந்து போய்விட்டது.

கதிர் முடிந்து ஒன்பதாம் நாள் விடை வந்தது. குழு 4.

கார்போபிளாட்டின் கொடுத்திருந்தாலும் அந்தச் சோதனையின்படி பலன் எதிர்பார்க்க இடமில்லாத குழு. அக்கா பெருமூச்சு விட்டார். வைத்தியர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கட்டை சத்திரசிகிச்சை வாரத்திலேயே போக வேண்டும் என்று தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். நாங்கள் தப்பியது கணக்குப் பார்த்து இல்லை.

இன்றைய நிலை

கீமோ ஆறு சுற்றும் முடிந்துவிட்டது. கடைசி எம்.ஆர்.ஐ.யில் முதுகுப் புள்ளிகள் இல்லை. உயர்ந்த ஒலிகளைக் கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிஸ்பிளாட்டினின் வேலை. முதுகெலும்பு கதிர் பட்டதால் உயரம் குறைவாகத்தான் வருவான், வளர்ச்சி ஹோர்மோனை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுதுவதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். பழைய வேகம் இல்லை, பகிடி மட்டும் அப்படியே இருக்கிறது.

அனுப்பிய மெழுகுக் கட்டை திரும்பி வந்தது. கட்டைவிரல் அளவு, ஓரத்தில் இலக்கம். அந்த அமெரிக்கச் சோதனையில் 2007 முதல் எடுத்து வைத்த துண்டுகளிடம் பிறகு வேறு கேள்வி கேட்க முடிந்ததே என்று நான் சொன்னதிலிருந்து, அக்கா அதை மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை அவனுடைய பிறப்புச் சான்றிதழ்க் கோப்புக்குள் வைத்திருந்தார். கொழும்பு வெயிலுக்கு உருகிவிடுமோ என்று ஒரு நாள் கேட்டார். அந்த மெழுகு உருக 55 பாகைக்கு மேல் வேண்டும் அக்கா, அலுமாரிக்குள் ஒன்றும் ஆகாது என்றேன். இருந்தாலும் அலுமாரியை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்திவிட்டார்.